வீட்டு வாய்க்காலுக்கு மூடி

புதுச்சேரியில் ஒரு தெரு. வீட்டுக்கு வீடு பக்கத்தில் ஒரு சந்து. சந்தில் ஒரு சின்ன வாய்க்கால். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாம் அதில்தான் ஓடும். ஓடிப் போய்த் தெரு வாய்க்காலில் சேரும்.

அந்தத் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண் போல வீங்கி இருக்கிறது. யானைக்கால் நோய். கல்யாணம் ஆன புதிதில் காய்ச்சலும் நெறியும் கட்டின. போயின. மறுபடி வந்தன. சில வருடங்களில் கால் வீங்கிவிட்டது. அதன் பிறகு வீக்கம் வடியவே இல்லை.

தினமும் சாயங்காலம் ஆயா வாசற்படியில் உட்காருவார். காலைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பார். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. கழுவாமல் விட்டால் இடுக்கில் புண் வரும். புண் வந்தால் காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும்.

பக்கத்தில் நான்கு வயதுப் பேத்தி விளையாடிக்கொண்டு இருப்பாள். பொழுது சாய்ந்ததும் கை, கால் என்று தட்டத் தொடங்குவாள். கொசு.

ஒருநாள் ஆயா மகனைக் கூப்பிட்டார்.

"எப்பா, இந்த வாய்க்காலை மூடணும்பா. என் கால் போனது போதும். புள்ளைக்கு வரக் கூடாது."

"கொத்தனாரை வரச் சொல்றேம்மா" என்றார் மகன்.

மூட வேண்டும் என்பது சரி. ஆனால் எப்படி மூடுவது? மூடத் தெரியாமல் மூடினால், திறந்து கிடக்கும் வாய்க்காலை விட அது மோசம். அதே தெருவில் அப்படியும் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டின் கதை பிறகு வருகிறது.

திறந்து கிடந்தால் என்ன?

தண்ணீர் ஓடும் வரை வாய்க்காலால் தொல்லை இல்லை. தண்ணீர் நின்றால்தான் தொல்லை.

காற்று அடிக்கிறது. வேப்ப இலை விழுகிறது. கடையில் வாங்கிய பொருளின் காகிதம் பறந்து வருகிறது. ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டிக் பை, தேங்காய் நார், தலைமுடி, கழுவிய சோறு எல்லாம் வாய்க்காலில் சேர்கின்றன. மழை பெய்தால் முற்றத்து மண்ணும் வந்து விழுகிறது. முதலில் ஒரு பை மாட்டிக்கொள்ளும். அதில் இலை தங்கும். இலையில் மண் தங்கும். ஒரு வாரத்தில் சின்ன அணை கட்டியது போல ஆகிவிடும். அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கும்.

இப்படித் தேங்கிய அழுக்குத் தண்ணீர்தான் கியூலெக்ஸ் என்ற கொசுவுக்குப் பிடித்த இடம். பெண் கொசு தண்ணீரின் மேல் முட்டை இடும். ஒன்று இரண்டு அல்ல. ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை. எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சின்னத் தெப்பம் போல மிதக்கும்.  உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஒன்று, இரண்டு நாளில் முட்டை பொரிந்து புழு வரும். அந்தப் புழுவுக்கு மூச்சு விட வாலில் ஒரு குழாய் உண்டு. வாலைத் தண்ணீரின் மேல் மட்டத்தில் வைத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். நம் நிழல் பட்டால் நெளிந்து நெளிந்து கீழே போகும். கொஞ்ச நேரத்தில் மூச்சுக்கு மேலே வந்துவிடும். பிறகு கூட்டுப்புழுவாக மாறும். அதன் பிறகு கொசு. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஆவதற்குச் சுமார் பத்து நாள் போதும். சில சமயம் ஒரு வாரத்திலேயே ஆகிவிடும்.

அதனால்தான் வாரம் ஒரு முறை வாய்க்காலைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். ஏழாவது நாள் தேக்கத்தை உடைத்து விட்டால், புழு பறக்கும் முன்பே போய்விடும். மாதம் ஒரு முறை செய்தால் அதற்குள் இரண்டு, மூன்று தலைமுறைக் கொசு பறந்துவிடும்.

இந்தக் கொசு கடிப்பதோடு நிற்பது இல்லை. யானைக்கால் நோய் உள்ள ஊரில், அந்த நோயைக் கொண்டு வந்து சேர்ப்பதும் இதுதான். நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. அது மனிதர் உடம்பில் நெறிக்குழாய்களில் வாழ்கிறது. பல வருடம் உயிரோடு இருக்கும். அது போடும் குட்டிப் புழுக்கள் இரவில் ரத்தத்தில் ஓடும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. அந்த நேரத்தில் கொசு கடித்தால் கொசுவின் வயிற்றுக்குள் போகும். அங்கே வளர்ந்து, அடுத்த ஆளைக் கடிக்கும்போது அவர் உடம்புக்குள் போகும். ரத்தச் சோதனைக்குச் சுகாதார ஊழியர்கள் இரவில் வந்து விரலில் குத்துவார்களே, அது இதனால்தான். பகலில் எடுத்தால் பெரும்பாலும் தெரியாது.

ஒரு கடியில் நோய் வந்துவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பல கடி பட வேண்டும். அதில் ஓர் ஆறுதலும் உண்டு, ஒரு பயமும் உண்டு. கொசுவைக் குறைத்தால் நோய் குறையும் என்பது ஆறுதல். சின்ன வயதில் பட்ட கடி பெரியவர் ஆன பிறகு காலில் தெரியும் என்பது பயம். கால் வீங்கிய பிறகு மாத்திரை சாப்பிட்டாலும் பழைய கால் திரும்பி வருவது அரிது.

புதுச்சேரிக்கும் இந்தக் கொசுவுக்கும் பழைய பகை. 1975-ஆம் ஆண்டில் கொசு ஆராய்ச்சிக்காகவே மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இங்கே தொடங்கப்பட்டது. வி.சி.ஆர்.சி. என்று ஊரில் சொல்வார்கள். 1981 முதல் 1985 வரை அந்த நிறுவனம் புதுச்சேரி நகரத்தில் யானைக்கால் கட்டுப்பாட்டுக்காக ஒரு பெரிய திட்டம் நடத்தியது. மருந்து அடிப்பதை மட்டும் நம்பவில்லை. கொசு முட்டை இடும் இடங்களையே குறைப்பதில் கவனம் வைத்தார்கள். வாய்க்கால், கிணறு, குட்டை, கழிவறைத் தொட்டி என்று இடம் இடமாகப் பார்த்தார்கள். 2004-ஆம் ஆண்டு முதல் நாட்டில் யானைக்கால் உள்ள மாவட்டங்களில் வருடம் ஒரு முறை மாத்திரை கொடுக்கும் வேலையும் நடந்து வருகிறது. மாத்திரை ரத்தத்தில் உள்ள குட்டிப் புழுவைக் கொல்லும். வாய்க்காலில் உள்ள கொசுப்புழுவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வேறு. அது நல்ல தண்ணீரில் வளரும். குடம், தொட்டி, டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு இவைதான் அதற்கு வீடு. வாய்க்காலை மூடிவிட்டோம், இனி டெங்கு வராது என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

கொசுவைத் தவிர எலியும் கரப்பானும் உண்டு. எலிக்கு வாய்க்கால்தான் ராஜபாட்டை. யாரும் பார்க்காமல் ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். அதன் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் காயத்தோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். 2005 ஜூலை 26-ஆம் தேதி மும்பையின் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரம் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு அங்கே பலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. அந்த வெள்ளத்தில் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு நின்றவற்றில் பிளாஸ்டிக் பைகளும் உண்டு.

முதலில் மூடி அல்ல, அடி

கொத்தனார் வந்தார். வாய்க்காலைப் பார்த்தார்.

"மூடிடலாம் ஆயா. நாளைக்கே நாலு கடப்பா கல்லு போட்டுடலாம்."

"இரு தம்பி. உள்ளே தண்ணி நிக்குதே, அதை என்ன பண்றது?" என்று கேட்டார் ஆயா.

ஆயா கேட்டது சரியான கேள்வி. தேங்கும் வாய்க்காலை அப்படியே மூடினால், கொசுவுக்கு நிழலும் கூரையும் கட்டிக் கொடுத்தது போல ஆகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் அளவு சந்து இருந்தால் போதும். கொசு உள்ளே போகும், முட்டை இடும், வெளியே வரும். வெயிலும் படாது. யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

ஆகவே முதலில் வாய்க்காலைக் காலி செய்ய வேண்டும். சேறு முழுவதையும் வாரி எடுக்க வேண்டும். கையில் உறை போட்டுக்கொள்ள வேண்டும். காலில் காயம் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. வாரிய சேற்றை வாய்க்கால் ஓரத்திலேயே குவித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு நாள் காய விட்டு, குப்பை வண்டியில் சேர்த்துவிட வேண்டும்.

காலி ஆன பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேல் முனையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் முழுவதும் ஓடிவிட்டால் சரி. எங்கேயாவது குட்டை போல நின்றால் அங்கே பள்ளம் இருக்கிறது. சிமெண்டு போட்டு அடியைச் சரி செய்ய வேண்டும். பத்து அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை சாய்வு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். தண்ணீர் நிரப்பிய மெல்லிய குழாயை வைத்துக் கொத்தனார் மட்டம் பார்த்துச் சொல்லுவார். வாய்க்காலின் அடி தட்டையாக இருப்பதை விட, கிண்ணம் போல வளைவாக இருப்பது நல்லது. கொஞ்சம் தண்ணீர் விட்டாலும் நடுவில் சேர்ந்து வேகமாகப் போகும். மூலையில் சோறு ஒட்டாது.

ஆயா வீட்டில் அடியைச் சரி செய்யவே ஒரு நாள் ஆயிற்று. மகனுக்கு அதில் வருத்தம்தான். மூடி வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய்விட்டது. ஆனால் இந்த வேலையில் மிகவும் பயன் உள்ள பங்கு அதுதான்.

எவ்வளவு கனம், எவ்வளவு நீளம்

கடப்பா கல் விலை குறைவு. வெட்டி வாங்கலாம். ஆனால் மெல்லியது. மேலே மிதித்தாலோ, அம்மிக்கல் விழுந்தாலோ விண்டு போகும். ஆள் நடக்கும் இடத்துக்குக் கம்பி போட்ட சிமெண்டுப் பலகைதான் நம்பிக்கையானது. வீட்டிலேயே வார்க்கலாம்.

வாய்க்காலின் உள் அகலம் ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். பலகையை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வார்க்கலாம். இரண்டு பக்கச் சுவர் மேலும் மூன்று மூன்று அங்குலம் உட்காரும். கனம் இரண்டு அங்குலம். இப்படி ஒரு பலகை சுமார் 26 கிலோ இருக்கும். இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம்.

இதையே நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், மூன்று அங்குலக் கனத்தில் வார்த்தால் 140 கிலோ ஆகிவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும். இணைப்புகளும் குறையும். ஆனால் தூக்க நான்கு ஆள் வேண்டும். நான்கு ஆள் வேண்டும் என்றால் வாராவாரம் யாரும் தூக்க மாட்டார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூடத் தூக்க மாட்டார்கள்.

கொத்தனார் முதலில் பெரிய பலகைதான் சொன்னார். "வேலை சீக்கிரம் முடியும் ஆயா" என்றார். ஆயா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதை யார் தூக்கறது?"

சின்னப் பலகை என்று முடிவு ஆயிற்று.

வார்க்கும் முறை இது. ஒரு சட்டி சிமெண்டு, இரண்டு சட்டி மணல், நான்கு சட்டி அரை அங்குல ஜல்லி. மணலுக்குப் பதில் எம்-சாண்டும் போடலாம். தண்ணீர் அளவாக விட வேண்டும். கஞ்சி போல ஓடினால் பலகை பலம் இழக்கும். தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, மரச்சட்டத்தை அதன் மேல் வைக்க வேண்டும். எட்டு மில்லிக் கம்பியை நீளத்திலும் அகலத்திலும் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக வைத்துக் கட்டுக்கம்பியால் கட்ட வேண்டும். கம்பி தரையைத் தொடக் கூடாது. அடியில் முக்கால் அங்குலம் கலவை இருக்க வேண்டும். சின்னச் சின்னக் கல்லை அடியில் வைத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்தலாம். கம்பி வெளியே தெரிந்தால் வாய்க்கால் ஈரத்தில் துருப்பிடித்துப் பலகையை உடைத்துவிடும்.

ஒரு மூட்டை சிமெண்டில் இந்த அளவில் 12 முதல் 14 பலகை வரை வரும். வரிசையாக வைத்தால் ஏறக்குறைய 18 முதல் 21 அடி வாய்க்காலுக்கு ஆகும். வார்த்த மறுநாள் முதல் குறைந்தது ஏழு நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும். அவசரப்பட்டு மூன்றாம் நாளே தூக்கிப் போட்டால் விரிசல் விடும். இரண்டு வாரம் ஆன பிறகு மிதிக்கலாம். ஸ்கூட்டர் ஏறும் இடத்துக்கு இந்தக் கனம் போதாது. அங்கே நான்கு அங்குலக் கனமும் பத்து மில்லிக் கம்பியும் வேண்டும். அங்கே மட்டும் கனமான பலகை ஒன்று இருக்கட்டும்.

இனி கைப்பிடி. தூக்குவதற்குப் பிடி இல்லாத மூடி, மூடி அல்ல. கம்பியை வளைத்து இரண்டு பக்கமும் பிடி வைக்கலாம். ஆனால் அது மேலே நீட்டிக்கொண்டு இருந்தால் குழந்தைகள் தடுக்கி விழுவார்கள். வார்க்கும்போது கலவையில் அரைத் தேங்காய் ஓட்டை அமுக்கி ஒரு குழி செய்து, அந்தக் குழிக்குள் பிடி அடங்கும்படி வைக்கலாம். பிடி குழிக்குள் இருக்கும். காலில் தடுக்காது. அந்தக் குழியில் மழைத் தண்ணீர் நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. பெருக்கும்போது ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும்.

இணைப்பில் சந்து இருந்தால் கொசுவுக்கு வழி ஆகிவிடும். சிமெண்டு வைத்துப் பூசினால் பிறகு தூக்க முடியாது. அதற்கு ஒரு சுலப வழி உண்டு. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து ரிப்பன் போல நறுக்கி, பலகைகள் சேரும் இடத்துக்கு அடியில் வைக்க வேண்டும். பலகையின் எடையே அதை அமுக்கிக்கொள்ளும். களிமண்ணால் பூசினாலும் சரிதான். தூக்கும்போது பெயர்ந்து வரும். மறுபடி பூசிக்கொள்ளலாம்.

தூக்க முடியாத மூடி

அதே தெருவில் இன்னொரு வீடு. சில வருடங்களுக்கு முன் அந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். சம்பந்தி வரும்போது வாய்க்கால் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தார்கள். நீளப் பலகை போட்டார்கள். இணைப்பைச் சிமெண்டால் பூசினார்கள். மேலே டைல்ஸும் ஒட்டினார்கள். சந்து, சந்து போலவே இல்லை. திண்ணை போல ஆகிவிட்டது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே மட்டும் சோறும் முடியும் மண்ணும் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரு ஐப்பசி மாதம் விடாமல் மழை பெய்தது. இரவில் குளியல் அறையில் இருந்து தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வெளியே போக வேண்டிய தண்ணீர், உள்ளே ஏறி வந்தது. சமையல் கட்டில் கணுக்கால் அளவு நின்றது. அதோடு எலியும் வந்தது.

எங்கே அடைப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. குச்சி விட வழி இல்லை. கடைசியில் சம்மட்டி எடுத்து மூன்று இடத்தில் உடைத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் கறுப்புச் சேறு விளிம்பு வரை இருந்தது. கல்யாணத்துக்குப் போட்ட டைல்ஸ் கல்லும் மண்ணுமாகத் தெருவில் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் செய்தது சோம்பேறித்தனம் அல்ல. செலவு செய்துதான் செய்தார்கள். மறைப்பதற்கு மூடினார்கள். திறப்பதை நினைக்கவில்லை.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் அல்ல. சிந்து சமவெளி நகரங்கள் சுமார் 4,500 ஆண்டு பழையவை. அவற்றில் லோத்தலும் தோலாவிராவும் குஜராத்தில் இருக்கின்றன. மொகஞ்சதாரோ இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. மொகஞ்சதாரோவில் தெருத் தெருவாகச் செங்கல் வாய்க்கால் கட்டி இருந்தார்கள். அதன் மேல் செங்கல்லை ஒட்டாமல் சும்மா அடுக்கி மூடினார்கள். சில இடங்களில் சுண்ணாம்புக் கல் பலகை. ஏன் ஒட்டவில்லை? எடுத்துச் சுத்தம் செய்வதற்காக. வீட்டுத் தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் விழும். கசடு அடியில் தங்கும். தண்ணீர் மட்டும் தெரு வாய்க்காலுக்குப் போகும். தோண்டிப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வாய்க்கால் ஓரத்தில் சின்னச் சின்ன மண் குவியல்கள். வாரியவர்கள் அள்ளிக்கொண்டு போகாமல் விட்டுப் போனவை. அந்தப் பழக்கமும் அத்தனை பழையதுதான்!

வலையும் தொட்டியும்

மேலே மூடினால் மேலே இருந்து விழும் குப்பை நிற்கும். வீட்டுக்குள் இருந்து வரும் குப்பையை நிறுத்த வேறு ஏற்பாடு வேண்டும்.

குளியல் அறை, சமையல் கட்டு இரண்டிலும் தண்ணீர் வெளியே போகும் இடத்தில் சல்லடைத் தட்டு வைக்க வேண்டும். சோறும் முடியும் அதில் நிற்கும். தினமும் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். அதற்குக் கீழே தண்ணீர் தங்கும் வளைவு ஒன்று வைப்பார்கள். நகானி டிராப் என்று குழாய் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரே கதவு. நாற்றமும் கரப்பானும் அதைத் தாண்டி வருவது கஷ்டம். பூட்டிய வீட்டில் இந்தத் தண்ணீர் காய்ந்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்பியதும் வீடு நாறுவது அதனால்தான். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

வீட்டு வாய்க்கால் தெரு வாய்க்காலில் சேரும் வாயில் கம்பி வலை வேண்டும். எலி வரும் வழி அது. நைலான் வலை போடக் கூடாது, எலி கடித்துவிடும். கனமான இரும்பு வலை வேண்டும். ஓட்டை கால் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுண்டெலி விரல் நுழையும் ஓட்டையில் நுழைந்துவிடும். இந்த வலையில் குப்பை மாட்டும். அதனால் கழற்றி மாட்டும்படி கொக்கியில் வைக்க வேண்டும். அடைத்த வலை, அடைத்த வாய்க்கால்தான்.

கொசு வலையையே அங்கே கட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. அந்தச் சின்ன ஓட்டை ஒரே நாளில் சோப்பு நுரையும் முடியும் சேர்ந்து அடைந்துவிடும். கொசு வலைக்கு வேறு இடம் உண்டு. கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய் மாடிக்கு மேலே நிற்கிறதே, அதன் வாயில் கட்ட வேண்டும். பல வீடுகளில் கொசு பிறப்பது அந்தத் தொட்டிக்குள்தான். வெளியே வரும் வழி அந்தக் குழாய். பத்து ரூபாய்த் துண்டு வலையும் ஒரு கம்பியும் போதும்.

முற்றத்து மழைத் தண்ணீருக்கும் வழி விட வேண்டும். பலகை வரிசைக்கு நடுவில் ஒரு இடத்தில் இரும்புக் கிராதி போடலாம். அதற்குக் கீழே, வாய்க்காலை விட ஒன்பது அங்குலம் ஆழமாக ஒரு மண் தங்கும் தொட்டி. மண் அதில் விழும். தண்ணீர் மேலாகப் போகும். இந்தத் தொட்டியில் தண்ணீர் நிற்கும் என்பதால் வாரம் ஒரு முறை அள்ளிவிடுவது கட்டாயம். முடியாது என்றால் தொட்டி கட்டாமல் இருப்பதே நல்லது.

பிளீச்சிங் பவுடரை வாய்க்கால் ஓரத்தில் கோலம் போலத் தூவும் வழக்கம் ஊரில் உண்டு. யாராவது பெரிய மனிதர் வரும் நாளில் அதிகம் தெரியும். பார்வைக்கு வெள்ளையாக இருக்கும். ஓரத்தில் தூவிய பொடி தண்ணீருக்குள் இருக்கும் புழுவை எட்டாது.

தெரு வாய்க்கால் யாருடையது?

வீட்டுச் சந்தில் உள்ள வாய்க்கால் வீட்டுக்காரருடையது. தெரு வாய்க்கால் நகராட்சியுடையது. கிராமம் என்றால் கொம்யூன் பஞ்சாயத்துடையது. வண்டி ஏற்றுவதற்காகத் தெரு வாய்க்கால் மேல் சொந்தமாகச் சிமெண்டுத் தளம் போடுகிறார்கள் பலர். இருபது வீடு இருபது தளம் போட்டால் துப்புரவுத் தொழிலாளி எங்கே மண்வெட்டி விடுவார்? கடைசி வீட்டுக்காரர் போட்ட தளத்தால் முதல் வீட்டில் தண்ணீர் ஏறும். தெரு வாய்க்காலுக்கு மூடி வேண்டும் என்றால் தெருவே சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும்போது 'தூக்கி எடுக்கும் பலகை வேண்டும்' என்று சேர்த்து எழுத வேண்டும். கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடியைத் திறந்தால் திறந்தவரே மூட வேண்டும். வெள்ளத்தில் தண்ணீர் வடியட்டும் என்று பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து விடுவது உயிருக்கே ஆபத்து. 2017 ஆகஸ்டு 29-ஆம் தேதி மும்பையில் பெரும் மழை. பெயர் பெற்ற மருத்துவர் ஒருவர் வெள்ளத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். திறந்து கிடந்த சாக்கடைக் குழி தண்ணீருக்கு அடியில் தெரியவில்லை. விழுந்து இறந்துபோனார். சந்து வாய்க்கால் ஓர் அடி ஆழம்தான். ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் கால் உடைய ஓர் அடி போதும். சேற்றை வாரும்போது எடுத்த பலகையை வேலை முடியும் முன் விட்டுவிட்டு உள்ளே போகக் கூடாது.

பாதாளச் சாக்கடையிலும் கழிவறைத் தொட்டியிலும் ஆளை இறக்குவது வேறு விஷயம். அங்கே விஷ வாயு இருக்கும். எட்டிப் பார்த்தவரும் மயங்கி விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். இறக்கியவருக்குத் தண்டனை உண்டு. இயந்திர வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆயா வீட்டில் பதின்மூன்று பலகை போட்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் உள்ள ஐந்தாவது பலகையில் கொத்தனார் ஒரு வட்டம் கீறி வைத்தார். அதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஓடினால் மற்றதைத் தூக்க வேண்டாம். நின்றால் கீழ் முனையில் இருந்து ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மகனும் மருமகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அதைத் தூக்குகிறார்கள். பேத்தி தள்ளி நின்று எட்டிப் பார்க்கிறாள். கொசு இல்லாமல் போய்விடவில்லை. பக்கத்துச் சந்து இன்னும் திறந்துதான் கிடக்கிறது. கொசு அங்கே இருந்தும் பறந்து வரும். படுக்கும்போது பேத்திக்குக் கொசுவலை கட்டுகிறார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா வந்து பலகையின் நீள அகலத்தைக் கேட்டார். ஆயா எழுந்து போய்ப் பேத்தியின் சிலேட்டை எடுத்து வந்தார். 'ஒன்றரை அடி, ஒன்றரை அடி, இரண்டு அங்குலம்' என்று எழுதிக் கொடுத்தார்.